முகவாதம் வந்து போன பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகவாதம், அதாவது முகத்தின் ஒரு பக்கம் திடீரென அசையாமல் போவது, வந்த புதிதில் எல்லாரும் விசாரிப்பார்கள். மூன்று மாதம் கழித்து, "பரவாயில்லையே, சரியாயிடுச்சே" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். முழுக்கச் சரியாகாதவர்களுக்கு வேறு வகைச் சிரமம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. எனக்கு இடது பக்கம் வந்தது. அதன் மிச்சத்தோடு பல வருஷமாக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதே நிலையில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு, படித்தும் டாக்டர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டும் நான் தெரிந்துகொண்ட பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இன்று காலைதான் வாய் கோணியது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முகத்தோடு கை, கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ நெற்றியைச் சுருக்க முடிந்து வாய் மட்டும் இழுத்துக்கொண்டாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். முகவாதமாகவே இருந்தாலும் ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் பலன் நிச்சயம்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. முகம் முழுசாகத் திரும்பவில்லை. இனி இப்படியேதானா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோபன்ஹேகனில் எரிக் பைட்டர்சன் என்ற டாக்டர் 25 வருஷ காலம் முகவாதக்காரர்களைப் பின்தொடர்ந்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டார். அவர்களில் காரணம் தெரியாத வகை, அதாவது பெல்ஸ் பால்சி, வந்தவர்கள் 1,701 பேர். யாருக்கும் மருந்து தரப்படவில்லை; நோய் தானாக எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். 100-க்கு 85 பேருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஓர் அசைவு திரும்பியது. மீதி 15 பேருக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம் ஆனது. முடிவில் 71 பேருக்கு முகம் பழையபடி ஆனது. 29 பேருக்கு ஏதோ ஒரு மிச்சம் நின்றது. அதில் கடுமையான மிச்சம் 4 பேருக்குத்தான்.

இந்தக் கணக்கில் நமக்கு வேண்டியது ஒன்று உண்டு. முதல் சில வாரத்திலேயே அசைவு வந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து மெதுவாக உயிர் வந்த முகத்தில்தான் மிச்சம் தங்குகிறது. ஒரு வருஷத்துக்குப் பிறகு, நரம்பு தானாக வளர்ந்து சேர வேண்டியது பெரும்பாலும் சேர்ந்து முடிந்திருக்கும். ஆகவே காத்திருந்தால் மட்டும் இனிமேல் பெரிதாக மாறாது. ஆனால் பயிற்சியாலும் ஊசியாலும் மாற்றக்கூடியது நிறைய இருக்கிறது. பத்து வருஷம் கழித்துப் பயிற்சி தொடங்கியவர்களுக்கும் பலன் கிடைக்கிறது. "நரம்பு செத்துப்போச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று யாராவது சொன்னால், கண்ணாடியில் பாருங்கள். அந்தப் பக்கம் தானாகத் துடிக்கிறதா, இழுக்கிறதா? அப்படியென்றால் நரம்பு உயிரோடுதான் இருக்கிறது. தப்பான வேலை செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு வந்தது சாதாரண முகவாதம்தான் என்று எப்படித் தெரியும்?

இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான சர் சார்லஸ் பெல் 1821-இல் முக நரம்பைப் பற்றி எழுதினார்; அவர் பேரில்தான் பெல்ஸ் பால்சி. ஆனால் முகம் செயலிழக்க வேறு காரணங்களும் உண்டு. காதுக்குள்ளோ காது மடலிலோ கொப்புளமும் கடும் வலியும் சேர்ந்து வந்திருந்தால் அது ராம்சே ஹன்ட்: சின்னம்மை வைரஸ் பல வருஷம் நரம்பில் ஒளிந்திருந்து மறுபடி கிளம்புவது. 2022-இல் பாடகர் ஜஸ்டின் பீபர் தனக்கு வந்ததாகச் சொன்னாரே, அதுதான். பெல்ஸ் பால்சியைவிட இதில் மிச்சம் அதிகம் தங்கும். காதுப் பக்கத்து அறுவை, விபத்து, காது நரம்புக் கட்டி, காதில் நீண்ட நாள் சீழ் ஆகியவையும் காரணமாகலாம்.

இரண்டு விஷயங்கள் இருந்தால் விடாதீர்கள். ஒன்று, முகம் ஓரிரு நாளில் விழாமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருந்தால். இன்னொன்று, நாலு மாதமாகியும் ஒரு சின்ன அசைவுகூட வராமல் இருந்தால். பெல்ஸ் பால்சி பெரும்பாலும் இப்படி நடந்துகொள்வதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்லி நீங்களே கேட்கலாம்.

சிரித்தால் கண் மூடிக்கொள்கிறது, கண்ணை மூடினால் வாய் இழுக்கிறது. ஏன்?

மிச்சம் தங்கியவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். மருத்துவத்தில் சின்கைனீசிஸ் என்பார்கள். இணை அசைவு என்று நான் சொல்கிறேன்.

முக நரம்பு மூளையிலிருந்து வந்து, காதுக்குப் பின்னால் எலும்புக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள குறுகலான குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாயின் வாய் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம். நரம்பு வீங்கினால் அங்கே இடமில்லை, நசுங்குகிறது. லேசாக நசுங்கினால் வீக்கம் வடிந்ததும் பழையபடி வேலை செய்யும். கடுமையாக நசுங்கினால் உள்ளே இருக்கும் இழைகள் அழிந்து, அடியிலிருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். மூன்று, நாலு மாதம் ஆவது அதனால்தான். வளரும்போது கண்ணுக்குப் போக வேண்டிய இழை வாய்க்கும், வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்கும் கழுத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மடை மாறிய வாய்க்கால் மாதிரி: தண்ணீர் வருகிறது, ஆனால் பக்கத்து வயலுக்குப் பாய்கிறது. சிரி என்று மூளை கட்டளை அனுப்பினால் கண், தாடை, கழுத்து எல்லாவற்றுக்கும் சேர்ந்தே போகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். சிரிக்கும்போது அந்தப் பக்கம் வாய் ஓரம் மேலே ஏறவில்லை என்றால், தூக்கும் தசைக்குப் பலம் போதவில்லை என்றுதான் நமக்குத் தோன்றும். பழைய முகவாதத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. தூக்கும் தசை இழுக்கத்தான் செய்கிறது. அதே நேரம் வாய் ஓரத்தைக் கீழே இழுக்கும் தசையும், கழுத்துத் தோலுக்கு அடியில் உள்ள பட்டைத் தசையும் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாக இழுத்தால் வாய் நகராது. வெளியிலிருந்து பார்த்தால் பலவீனம் போல இருக்கும். உள்ளே கயிறு இழுக்கும் போட்டி நடந்துகொண்டிருக்கிறது. டாக்டர்கள் சிலர் கீழிழுக்கும் தசையில் மரத்துப்போகும் ஊசியைச் சோதனைக்காகப் போட்டுப் பார்ப்பதுண்டு. சில நிமிஷத்தில் சிரிப்பு மேலே ஏறுவதைப் பார்த்து ஆளே அசந்துபோவார்.

ஆரம்பத்தில் தளர்ந்து தொங்கிய பக்கம், வருஷம் போகப் போக எதிராக மாறுவதும் இதனால்தான். கண் சிறுத்துவிடும். மூக்கோரக் கோடு ஆழமாகும். மோவாயில் குழி விழும். கழுத்தில் கயிறு போலப் புடைக்கும். "எந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கேட்பவர்கள் நல்ல பக்கத்தைக் காட்டுவார்கள், எனக்கே நடந்திருக்கிறது.

அப்படியானால் கரண்ட் வைப்பது, பலூன் ஊதுவது, சூயிங்கம் மெல்லுவது?

நம் ஊரில் முகவாதம் என்றாலே பிசியோதெரபியில் கரண்ட் வைப்பார்கள். வீட்டுக்கு வந்தால் பலூன் ஊது, பபிள்கம் மெல்லு, கண்ணை இறுக்கி மூடு, வாயை முடிந்தவரை அகட்டு என்று பட்டியல். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். கரண்ட் வைப்பதால் முகவாதம் சீக்கிரம் சரியாகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2011-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தும் அப்படித்தான் முடிவுக்கு வந்தது. முகவாதத்தில் தேர்ந்த பல பிசியோதெரபிஸ்டுகள், அது இணை அசைவை இன்னும் இறுக்கிவிடும் என்ற பயத்தில் தவிர்க்கிறார்கள். அந்தப் பயம் முழுக்க நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலன் உறுதியில்லாத ஒன்றுக்கு மாதக்கணக்கில் காசு கொடுத்து, கூடுதல் சந்தேகத்தையும் வாங்கிக்கொள்வானேன்?

பலூன், பபிள்கம் விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவான கருத்து உண்டு: ஏற்கெனவே இணை அசைவு வந்துவிட்டவர்களுக்கு வேண்டாம். பலூன் ஊதும்போது முகம் முழுக்க ஒரே நேரத்தில் முறுக்கேறுகிறது. எல்லாத் தசையும் சேர்ந்து இழுப்பதுதான் நம் நோயே. அதையே தினமும் ஒத்திகை பார்ப்பதில் என்ன லாபம்? அசைவே வராத முதல் வாரங்களிலும் சரி, பின்னாலும் சரி, முக்கி முனகிச் செய்வது இந்த நரம்புக்கு உதவாது. கை கால் தசையை உருவேற்றுகிற புத்தியை முகத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

பிறகு எந்தப் பயிற்சியைச் செய்வது?

தளர்த்துவது முதல் பாதி. பிரித்துப் பழகுவது மறு பாதி. நரம்பு-தசை மறுபயிற்சி என்பது இதுதான். நெதர்லாந்தில் ஊமைக்கூத்து நடிகர்களின் உத்திகளையும் சேர்த்து மைம் தெரபி என்று ஒரு முறை உருவாக்கினார்கள். அடிப்படை கிட்டத்தட்ட இதே.

தளர்த்துவதற்கு: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் சில நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். கையைக் கழுவிவிட்டுக் கட்டைவிரலை வாய்க்குள் கன்னத்தின் உள்பக்கம், ஆள்காட்டி விரலை வெளியே வைத்து, இரண்டுக்கும் நடுவே திரண்டு கெட்டியாக இருக்கும் இடங்களைத் தேடிப் பிடியுங்கள். மெதுவாக அழுத்தி, உதட்டுப் பக்கமாக இழுத்துச் சில நொடி அப்படியே நிறுத்துங்கள். மோவாய், புருவத்துக்கு மேல், கழுத்து ஆகிய இடங்களிலும் விரலால் நீவிவிடலாம். வேகமாகத் தேய்ப்பது பயன்படாது. எண்ணெய் போட்டுத் தேய்த்தால் விரல் வழுக்கும், தசை கிடைக்காது. தாடையைக் கடித்துக்கொண்டிருக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள். நாக்கை லேசாக மேலண்ணத்தில் வைத்துப் பல்லைப் பிரித்து வைத்தால் பாதி இறுக்கம் விடும்.

பிரித்துப் பழகுவதற்குக் கண்ணாடி வேண்டும். மற்ற தசைகளில் உள்ள, நீட்சியை உணரும் அமைப்பு முகத் தசைகளில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் எது அசைகிறது என்று பார்த்தால்தான் தெரியும். உதாரணத்துக்கு, உதட்டை லேசாகக் குவியுங்கள். கண் சுருங்க ஆரம்பிக்கும் அந்த நொடியில் நிறுத்துங்கள். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் குறைந்த அளவில் திரும்பச் செய்யுங்கள். அசைவு வெளியே தெரியாத அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. புன்னகையும் அப்படித்தான்: நல்ல பக்கத்தின் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கிளம்பும்படி. ஒரு நாளில் ஐந்து, பத்து நிமிஷமாகச் சில முறை செய்தால் போதும். அவசரமாக ஐம்பது தடவை செய்வதைவிட, கண் சுருங்காமல் மூன்று தடவை செய்வது மேல். மாதக்கணக்கில் ஆகும். இது தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆரம்பத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் நல்லது, ஏனென்றால் எந்தத் தசை எதோடு சேர்ந்து இழுக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. காரம் காரணமா?

காரம் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய இழைகள் கண்ணீர்ச் சுரப்பிக்கு வழி மாறிப் போய்விட்டன. வாயில் சாப்பாடு பட்டதும் எச்சில் ஊறுவதோடு கண்ணும் ஊறுகிறது. முதலைக் கண்ணீர் என்றே டாக்டர்கள் இதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்து வத்தக்குழம்பு ஊற்றியதும் ஒரு கண் மட்டும் வழிந்தால், பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் டம்ளரை நகர்த்துவார். பேசாமல் வாங்கிக் குடித்துவிடலாம். மிகவும் தொந்தரவாக இருந்தால் கண்ணீர்ச் சுரப்பியில் சிறிய அளவு போட்டாக்ஸ் ஊசி போடுவார்கள். கண் டாக்டர்களில் பிளாஸ்டிக் அறுவை தெரிந்தவர்கள் செய்வார்கள்.

போட்டாக்ஸ் சினிமாக்காரர்கள் போட்டுக்கொள்வதுதானே?

அதே மருந்து, வேறு வேலை. அளவுக்கு மேல் இழுக்கும் தசைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, மிகச் சிறிய அளவில் போட்டு அடக்குகிறார்கள். கண்ணைச் சுற்றி, மோவாய், வாய் ஓரத்தைக் கீழிழுக்கும் தசை, கழுத்துப் பட்டை ஆகியவை வழக்கமான இடங்கள். நல்ல பக்கம் அளவுக்கு மேல் உழைக்கிறது என்றால் அங்கேயும் கொஞ்சம் போட்டுச் சமன் செய்வதுண்டு. சில நாளில் வேலை செய்ய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும், திரும்பப் போட வேண்டும். செலவு ஒரு பாரம்தான். முதல் தடவையே அளவு சரியாக அமையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அளவு கூடினால் உதடு தொங்கலாம், கண் சரியாக மூடாமல் போகலாம். அதுவும் சில வாரத்தில் சரியாகும். அழகு நிலையத்தில் போடுபவரிடம் போகாதீர்கள். முகவாதத்துக்குப் போட்டுப் பழக்கம் உண்டா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: ஊசி வேலை செய்யும் அந்த மாதங்களில்தான் பயிற்சி நன்றாகப் பிடிக்கிறது. எதிர்த்து இழுக்கும் தசை தூங்கும்போது, தூக்கும் தசைக்கு வழி திறக்கிறது. ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு சும்மா இருப்பவர்கள் மருந்து கரைந்ததும் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள்.

அறுவை சிகிச்சை உண்டா?

உண்டு, இரண்டு வெவ்வேறு நிலைகளுக்கு. முகம் அசையவே இல்லை என்றால் காலம் முக்கியம்: நரம்பு வராத தசை ஒன்றரை வருஷம் போல ஆகிவிட்டால் திரும்ப உயிர்ப்பிக்க முடியாத அளவுக்கு நலிந்துவிடும். அதற்கு முன் என்றால், மெல்லும் தசையின் நரம்பு போன்ற வேறொரு நரம்பை முக நரம்போடு இணைக்கலாம். காலம் கடந்தவர்களுக்குத் தொடையிலிருந்து கிராசிலிஸ் என்ற தசையை எடுத்துக் கன்னத்தில் வைக்கும் பெரிய அறுவை உண்டு. இணை அசைவுக்காரர்களுக்குச் செய்வது வேறு: தொந்தரவு கொடுக்கும் நரம்புக் கிளைகளைத் தேடி வெட்டுவது, கீழிழுக்கும் தசையை எடுத்துவிடுவது. பயிற்சியையும் ஊசியையும் ஒழுங்காகப் பார்த்த பிறகுதான் இந்தப் பேச்சு. எந்தச் சர்ஜன் சொன்னாலும் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

கண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது?

முகம் அழகாக இல்லாவிட்டால் வாழலாம். கருவிழி புண்ணானால் பார்வைக்கே ஆபத்து. கண் முழுதாக மூடவில்லை என்றால் பகலில் கண்ணீர்ச் சொட்டு மருந்து, இரவில் களிம்பு. தூங்கும்போது இமை திறந்திருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. வீட்டில் ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். திறந்திருந்தால் மைக்ரோபோர் டேப் ஒட்டித் தூங்கலாம். ஒட்டுமுன் இமை நன்றாக மூடியிருக்க வேண்டும், பஞ்சோ துணியோ கருவிழியில் உரசக் கூடாது. பைக்கில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே வையுங்கள். ஃபேன் காற்று நேராக முகத்தில் படாமல் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். தலைக்குக் குளிக்கும்போது சீயக்காயும் ஷாம்பூவும் அந்தக் கண்ணுக்குள் சுலபமாகப் போகும், சாய்ந்து குளியுங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றைக்கே கண் டாக்டர். நீண்ட நாள் மூடாத கண்ணுக்கு மேலிமைக்குள் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ ஒரு கிராம் அளவில் சின்ன எடை வைத்துத் தைப்பார்கள். ஈர்ப்பு விசையில் இமை இறங்கும்.

சாயங்காலமானால் கன்னம் கல் மாதிரி இறுகுகிறது. சிரித்தால் காதுக்குள் படபடவென்கிறது. சாதாரணமா?

இரண்டும் இதே கதையின் கிளைகள். நாள் முழுக்க ஓயாமல் இழுத்த தசை மாலையில் களைத்து இறுகுகிறது. குளிர், தூக்கமின்மை, மன அழுத்தம், அதிகம் பேசிய நாள் எல்லாம் அதைக் கூட்டும். ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இன்னும் தெரியும். நடுக்காதில் சின்னத் தசை ஒன்று உண்டு. அதற்கும் முக நரம்புதான். கண் மூடும்போதோ வாய் அசையும்போதோ அது சேர்ந்து சுருங்கினால் காதுக்குள் சத்தம் கேட்கும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காது கேட்பது குறைந்தாலோ, தலை சுற்றினாலோ ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள்.

பல் டாக்டரிடம் நீண்ட நேரம் வாயைத் திறந்து வைத்திருப்பது எனக்குத் தனி வேதனை. நடுவில் இடைவெளி விடச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுவேன். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் சோறு தங்குவதால் அந்தப் பக்கப் பற்கள் சொத்தையாகும். சாப்பிட்டதும் விரலால் வழித்துக் கொப்பளிக்க வேண்டும்.

வைட்டமின் மாத்திரை, எண்ணெய், நாட்டு வைத்தியம்?

பி12 மாத்திரை அநேகமாக எல்லாருக்கும் எழுதிக்கொடுக்கப்படுகிறது. உடம்பில் குறைவாக இருந்தால் அவசியம்தான். மாறிப்போன இழைகளைத் திருப்பி எடுத்து வைக்க எந்த மாத்திரையாலும் முடியாது. தைலம் தடவிச் சூடு கொடுத்தால் இதமாக இருக்கும், அந்த அளவில் தடையில்லை. மூக்கில் எதையாவது சொட்டு விடுவது, காதில் ஊற்றுவது, பக்கவாதத்துக்குச் சொல்லும் புறா ரத்த வைத்தியம், இவற்றுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிடுங்கள். "பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தே, காத்துப் பட்டுடுச்சு" என்பவர்களிடம் வாதாடியும் பயனில்லை. நரம்பில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் ஹெர்பிஸ் வகை வைரஸ் விழித்துக்கொள்வதுதான் காரணமாக இருக்கும் என்பது பரவலான கருத்து.

திரும்ப வருமா?

பெரும்பாலானவர்களுக்கு வராது. கோபன்ஹேகன் கணக்கில் 100-க்கு 7 பேருக்கு மறுபடி வந்தது. அதே பக்கமாகவும் இருக்கலாம், மறுபக்கமாகவும் இருக்கலாம். வந்தால், முன்பு தானாகச் சரியானது என்று வீட்டில் இருக்கக் கூடாது. 2007-இல் ஸ்காட்லாந்தில் 551 பேரை வைத்து நடந்த சோதனையில், 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களில் ஒன்பது மாதத்தில் 100-க்கு 94 பேர் குணமானார்கள். எடுக்காதவர்களில் 82 பேர். சர்க்கரை உள்ளவர்களுக்கு முகவாதம் வரும் வாய்ப்பும் கூடுதல், ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் சர்க்கரையும் ஏறும். அதற்குப் பயந்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல், சர்க்கரை டாக்டரிடம் சொல்லி அந்த நாட்களுக்கு மருந்தை மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் வாய்ப்பு கூடும். ஒரே பக்கம் மறுபடி மறுபடி வந்தால் எம்.ஆர்.ஐ. அவசியம்.

ஆட்கள் முறைத்துப் பார்க்கிறார்கள். என்ன சொல்வது?

நீளமான பதில் தேவையில்லை. "முகவாதம் வந்துச்சு, நரம்பு கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கு, வலியில்ல" என்பது நான் சொல்வது. சொன்னதும் பெரும்பாலும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். சிரமம் முறைப்பதில்கூட இல்லை. நாம் சிரித்தது எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பாகத் தெரியாமல் போவதில் இருக்கிறது. கடைக்காரர் நாம் முறைப்பதாக நினைக்கிறார். மாமியார், மருமகள் அலட்சியமாக உதட்டைச் சுழிக்கிறாள் என்று நினைக்கிறார். கண்ணடித்ததாக ஒருவர் தப்பாக எடுத்துக்கொள்கிறார். முகம் சொல்லாததை வாயால் சொல்லிப் பழகுவதுதான் வழி: "ரொம்ப சந்தோஷம்", "நல்லா சிரிச்சேன்" என்று வார்த்தையிலேயே சொல்லிவிடுவது. குரலை ஏற்றி இறக்குவதும், கையை அசைத்துப் பேசுவதும் உதவும். வேலைக்கான நேர்முகத்தில் முதல் நிமிஷத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால் மீதி நேரம் நிம்மதி.

கனடாவின் பிரதமராக 1993 முதல் 2003 வரை இருந்த ழான் கிரெத்தியேனுக்குச் சின்ன வயதில் வந்த முகவாதம் கடைசிவரை மிச்சம் வைத்தது. பேசினால் வாய் ஒரு பக்கம்தான் போகும். 1993 தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற கட்சியினர் அவர் முகத்தை நெருக்கத்தில் காட்டி, இவரா பிரதமர் என்று கேட்கிற மாதிரி டிவி விளம்பரம் போட்டார்கள். விளம்பரம் போட்டவர்களின் சொந்தக் கட்சிக்காரர்களே கொதிக்கும் அளவுக்கு அது திருப்பியடித்தது, விளம்பரத்தை வாபஸ் வாங்கினார்கள். அந்தத் தேர்தலில் ஆளுங்கட்சியாக இருந்த அவர்கள் இரண்டு இடத்துக்குச் சுருங்கினார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் நிறைய இருந்தன என்பது வேறு விஷயம். ஒரு பக்கமாக வாய் போகிற ஒருவரை ஒரு நாடு மூன்று தேர்தலில் ஜெயிக்கவைத்தது என்பதை, வெளியே போகத் தயங்குபவர்களிடம் நான் சொல்வதுண்டு.

ஆனால் இதை மனசில் தைரியம் இருந்தால் போதும் என்ற பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகவாதத்தின் மிச்சம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது சாதாரணம். முகம் கொஞ்சம்தானே கோணியிருக்கிறது, இதற்குப் போய் இவ்வளவா என்று மற்றவர்கள் நினைப்பார்கள். கோணலின் அளவுக்கும் வருத்தத்தின் அளவுக்கும் நேர்க் கணக்குக் கிடையாது. தூக்கம் கெட்டு, ஆட்களைப் பார்ப்பதையே தவிர்க்கிற நிலைக்கு வந்தால் மனநல டாக்டரைப் பாருங்கள்.

போட்டோ எடுக்கும்போது?

கல்யாண மேடையில் "சார், நல்லா சிரிங்க" என்று போட்டோகிராபர் விடமாட்டார். வாயை மூடிய சின்னப் புன்னகையைக் கண்ணாடி முன்னால் பழகிவைத்துக்கொள்ளுங்கள். கண் சுருங்காத எல்லை எது என்று தெரிந்துவிடும். நிற்கும்போது பாதிக்கப்பட்ட பக்கத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து பாருங்கள், பிறகு பின்னால். எது பொருந்துகிறதோ அது. செல்பியில் முகம் இன்னும் கோணலாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், நாம் தினம் கண்ணாடியில் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம் என்பதும், போன் லென்ஸை மிக அருகில் பிடிப்பதும்தான்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

தினமும் காலையில் முகத்தை உற்றுப் பார்த்து "இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லை" என்று அறிக்கை வாசிக்காமல் இருந்தால் பெரிய உதவி. பயிற்சி செய்யும்போது பின்னால் நின்று சிரிப்புக் காட்ட வேண்டாம். சிரித்தால் முழுக்க முறுக்கிக்கொள்ளும். குழந்தைகள் கேட்டால் உள்ளதைச் சொல்லலாம். அவர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள், பெரியவர்கள்தான் மறக்க மாட்டார்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போவது?

நரம்பியல், ஈ.என்.டி., கண், பிளாஸ்டிக் அறுவை, பிசியோதெரபி என்று இது ஐந்து பேர் கையில் பிரிந்து கிடக்கும் நோய். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே வந்த தேதி, முதல் அசைவு தெரிந்த மாதம், எடுத்த மருந்துகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிவையுங்கள். நோய் வருவதற்கு முன் எடுத்த போட்டோ ஒன்று வேண்டும். முகம் யாருக்கும் முதலிலேயே முழுச் சமமாக இருப்பதில்லை. அப்புறம், போனில் ஒரு வீடியோ: முகம் சும்மா இருக்கும்போது, புருவத்தைத் தூக்கும்போது, கண்ணை மெதுவாக மூடும்போது, இறுக்கி மூடும்போது, சின்னதாகச் சிரிக்கும்போது, பல் தெரியச் சிரிக்கும்போது, உதட்டைக் குவிக்கும்போது. நேராக, நல்ல வெளிச்சத்தில், ஒரு நிமிஷம் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே மாதிரி எடுத்துச் சேர்த்துவையுங்கள். டாக்டர் தன் மதிப்பெண்ணை ஹவுஸ்-பிராக்மன் என்றோ சன்னிபுரூக் என்றோ போடுவார். முன்னதில் 1 நார்மல், 6 முழுச் செயலிழப்பு. பின்னதில் 100 நார்மல். எந்த அளவுகோலில் எவ்வளவு என்று கேட்டு அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.